கத்திரி வெயிலில் மனிதரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

வெண்ணாற்றங்கரை (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குக் கிழக்கே எங்கள் ஊரில், ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிக் கோடை நெல் போட்டவர்கள் பலருக்கு இவ்வாண்டு கதிரில் பெரும்பகுதி பதராகிவிட்டது. பூக்கும் தருணத்தில் அடித்த வெயில்தான் காரணம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அந்த வெயிலுக்கு என்ன காரணம் என்பதில்தான் ஊர் இரண்டுபட்டுப் பேசுகிறது. சித்திரையில் வெயில் அடிப்பது புதிதா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். எல்லாமே காலநிலை மாற்றம் என்று இளைஞர்கள் முடித்துவிடுகிறார்கள். ஒரு குறிப்பிட்ட வெப்ப அலையை எடுத்துக்கொண்டு அதில் மனிதச் செயலின் பங்கு இவ்வளவு என்று சொல்ல அறிவியலில் முறை உண்டா? கிராம சபையில் பேச வேண்டியிருப்பதால் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

குடமுருட்டி:
முறை உண்டு, ஐயா. ஆனால் "இந்த வெயிலை உண்டாக்கியது காலநிலை மாற்றமா, இல்லையா" என்று கேட்டால் பதில் வராது. இத்தகைய வெயில் வருவதற்கான வாய்ப்பு எத்தனை மடங்கு கூடியிருக்கிறது, வந்த வெயில் எத்தனை டிகிரி கூடுதலாக வந்தது என்று கேட்டால் எண்ணிக்கையிலேயே பதில் கிடைக்கும்.

ஆய்வாளர்கள் முதலில் எந்த நிலப்பரப்பு, எத்தனை நாள் என்று வரையறுத்துக்கொள்கிறார்கள். பிறகு அப்பகுதியின் நீண்டகால வெப்பநிலைப் பதிவுகளைக் கொண்டு, அப்படியொரு வெப்பம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரத்தக்கது என்று கணக்கிடுகிறார்கள். அதன்பின் கணினி மாதிரிகளில் இன்றைய காற்றுமண்டலத்தையும், தொழிற்புரட்சிக்கு முந்தைய காற்றுமண்டலத்தையும் தனித்தனியே இயக்கி ஒப்பிடுகிறார்கள். அன்று பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

2003-இல் ஐரோப்பாவில் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோன வெப்பத்தை இவ்வாறு ஆராய்ந்து, அத்தகைய வெப்பத்துக்கான வாய்ப்பை மனிதச் செயல் குறைந்தது இரு மடங்காக்கியிருப்பதாக 2004-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. 2022 மார்ச், ஏப்ரல் மாதங்களில் வடமேற்கு இந்தியாவையும் பாகிஸ்தானையும் வாட்டிய வெப்பத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ 30 மடங்கு கூடியிருந்தது என்றும், பழைய காலநிலையில் அது சுமார் 1 டிகிரி குறைவாக இருந்திருக்கும் என்றும் உலக வானிலைக் காரண ஆய்வுக் குழுவினர் கணித்தார்கள். இன்றைய காலநிலையிலும் அது ஏறக்குறைய நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரத்தக்க நிகழ்வே என்பதையும் அவர்களே சொன்னார்கள்.

ஆகவே உங்கள் ஊரில் இரு தரப்பாரிடமும் உண்மை இருக்கிறது. ஐப்பசியில் ஒரே அளவு மழை பெய்தாலும், கடல் ஏறி நிற்கும் நாளில் நம் வடிகால்கள் வடியாமல் பயிர் மூழ்குவது நாம் கண்டதுதானே? மழை இயல்பானதாகவே இருந்தாலும், ஏறி நிற்கும் கடல்மட்டம்தான் அதைக் கேடாக்குகிறது. வெயில் விஷயத்தில் அந்த மட்டத்தை உயர்த்தியவர்கள் நாம்.

அரசலாறு:
பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்தை விடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் வெப்பம் கூடுவது இயற்கையான சுழற்சிதானே. அதை எப்படிக் கழிக்கிறார்கள்?

குடமுருட்டி:
நல்ல கேள்வி. 1998 வலுவான எல் நினோ ஆண்டு. அன்றைய நிலையில் உலகப் பதிவிலேயே மிக வெப்பமான ஆண்டும் அதுவே. ஆனால் 2015 முதல் வந்த ஒவ்வோர் ஆண்டும், எல் நினோவுக்கு எதிரான லா நினா நிலவிய 2021, 2022 உட்பட, 1998-ஐ விட வெப்பமாகவே இருந்திருக்கிறது. எல் நினோ வந்து போகும். அடித்தளம் மட்டும் உயர்ந்துகொண்டே இருக்கிறது.

கோரையாறு:
டெல்டாவுக்கு முக்கியமான ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே மாதம் 51 டிகிரி பதிவானபோது, உச்ச வெப்பம் கூடிவருவதற்கான தெளிவான போக்கு அங்கே தென்படவில்லை என்று ஆய்வாளர்கள் ஒளிக்காமல் எழுதினார்கள். காற்றிலுள்ள தூசும் புகையும் வெயிலைத் தடுப்பதும், பாசன நீர் ஆவியாகும்போது தரை குளிர்வதும் வெப்ப உயர்வை மறைத்திருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். இத்தகைய நேர்மைதான் இத்துறையின்மேல் எனக்கு நம்பிக்கை தருகிறது. ஆனால் பாசனம் காற்றில் ஈரத்தைக் கூட்டுகிறது. ஈரம் கூடினால் வியர்வை உலராது. வயலில் குனிந்து களையெடுக்கும் பெண்ணின் உடல் சூட்டை வெளியேற்ற வழியில்லாமல் போகிறது. வெப்பமானி காட்டும் உச்ச அளவை மட்டும் பார்த்தால் இந்தத் துன்பம் கணக்கிலேயே வராது. நம் பகுதியிலோ, மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 வரை வாய்க்கால்கள் வறண்டிருக்க, கடலின் ஈரக்காற்று மட்டும் உள்ளே வருகிறது.

கடலோரத்தில் 37 டிகிரியைத் தொட்டு, இயல்பை விட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால்தான் வானிலைத் துறை வெப்ப அலை என்று கருதும். அந்த அறிவிப்பு வராத நாளிலும் நாகையில் உடல் தாங்காமல் போகலாம்.

இரவு வெப்பத்தையும் சபையில் சொல்லுங்கள். பூக்கும் வேளையில் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு மணி பிடிக்காது என்பது பலரும் அறிந்ததே. இரவின் குறைந்தபட்ச வெப்பம் 1 டிகிரி கூடினால் கோடைப் போக நெல் விளைச்சல் சுமார் 10 விழுக்காடு குறைந்தது என்று பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனப் பண்ணைப் பதிவுகள் 2004-லேயே காட்டிவிட்டன.

வெண்ணாற்றங்கரை:
மிக்க நன்றி. சாலையோரப் புளியமரங்களை வெட்டியதும் குளங்களைத் தூர்த்ததும்தான் காரணம் என்று கூறுபவர்களுக்கு என்ன சொல்வது?

குடமுருட்டி:
நிழலும் குளமும் போனதால் ஊருக்குள் சூடு கூடுவது உண்மை. அதைச் சபையில் தீர்மானமாகவே கொண்டுவரலாம். ஆனால் மரமே இல்லாத நடுக்கடலின் நீரும் சூடேறியிருப்பதற்கு அது விளக்கம் ஆகாது. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருப்பதால், வெயிலில் உயிரிழந்தோரின் குடும்பத்துக்கு நிவாரணம் கோர வழியுண்டு என்பதையும் அதே கூட்டத்தில் தெரிவியுங்கள்.