எந்தக் கதை படித்தாலும் நான் நல்லவன் பக்கம்தான் நிற்கிறேன்

நாவல் படித்து என் குணத்தைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம் என்று மூன்று மாதம் முன்பு ஒரு நோட்டு போட்டேன். இப்போது புரட்டினால் முழுக்க என் பெருமைதான் இருக்கிறது.

படித்தது டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்', 1886இல் வந்த குறுநாவல். அதில் சக நீதிபதி இவான் இலியிச் செத்துப்போன சேதி வந்ததுமே மற்றவர்கள் அந்தப் பதவி யாருக்குப் போகும் என்று கணக்குப் போடுவார்கள், மனைவி அரசாங்கத்திடம் இன்னும் எவ்வளவு பணம் வாங்கலாம் என்று விசாரிப்பாள். வேலைக்காரன் கெராசிம் மட்டும், அவர் நோயில் கிடந்தபோது அவருடைய கால்களைத் தோளில் தாங்கி ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருப்பான். நான் கெராசிம் கட்சி என்று இரண்டு பக்கம் எழுதிவைத்தேன்.

போன மாதம் எங்கள் ஆபீசில் ஒருவர் இறந்துபோனார். சேதி கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது, அவருடைய ஜன்னலோர மேஜை இனி காலிதானே என்பது. (வீட்டில்கூடச் சொல்லவில்லை.)

அப்புறம் அதையே மறுபடி படித்தேன், பழையபடி கெராசிம்தான். தஸ்தயேவ்ஸ்கியின் 'அசடன்' எடுத்தேன், அதன் வெகுளியான நாயகன் மிஷ்கினை ஏமாற்றுகிறவர்களில் என் சொந்தக்காரர்கள் எல்லாரும் தெரிந்தார்கள், நான் மட்டும் இல்லை. நண்பரோடு சேர்ந்து படித்ததும் ஆளுக்கு ஆள் பாராட்டிக்கொண்டதில் முடிந்தது.

கதையில் வரும் அற்பமான ஆளிடம் தன்னைக் கண்டுபிடிக்க, நீங்கள் படிக்கும்போது என்ன செய்கிறீர்கள்?