நம்பையில் கைவைத்தபோது நடந்தது: மறக்க முடியாத ஒரு இஷ்யூ சொல்லுங்கள்

மிதவைப்புள்ளி:

வணக்கம். பைதான் நிரல்மொழியில் எண் கணக்குக்குப் பயன்படும் நம்பை (NumPy) லைப்ரரிக்குப் பங்களிக்கிறவர்களும், நம்பையை நம்பி சொந்தமாக ஒரு சின்ன லைப்ரரி வைத்திருப்பவர்களும் இங்கே நாலைந்து பேர் இருக்கிறோம். ஆளுக்கொரு இஷ்யூ (கோளாறு என்று யாராவது பதியும் புகார்) மனதில் தங்கியிருக்கும். அதை எழுதுங்கள். முதலில் நான்.

ஒருவர் கேட்டிருந்தார்: ஃப்ளோட்32 அர்ரே, அதாவது ஓர் எண்ணுக்கு 32 பிட் ஒதுக்கும் தசம எண்களின் அட்டவணை. 3,35,54,432 வரிகள், இரண்டு நெடுவரிசைகள், எல்லாக் கட்டத்திலும் 1. ஆக்ஸிஸ் 0 கொடுத்து, அதாவது நெடுவரிசையில் மேலிருந்து கீழாக, கூட்டினால் இரண்டு நெடுவரிசைக்கும் 1,67,77,216 வருகிறது. சரியாகப் பாதி. "கூட்டல்கூடத் தெரியாதா இந்த லைப்ரரிக்கு?" என்று கோபமாக முடித்திருந்தார். அவர் நிலைமையில் நானும் கோபப்பட்டிருப்பேன்.

அந்த எண்ணைப் பார்த்தவுடன் எனக்குப் பாதி விடை தெரிந்துவிட்டது. 2ஐ 24 முறை பெருக்கினால் வருவது அது. ஃப்ளோட்32இல் ஓர் எண்ணின் இலக்கங்களுக்குக் கிடைப்பது மொத்தம் 24 பிட். அந்த எல்லையைத் தாண்டினால் எழுதக்கூடிய எண்களுக்கு நடுவில் இரண்டு இரண்டாக இடைவெளி விழும். 1,67,77,217 என்ற எண்ணுக்கு அங்கே இடமே கிடையாது. ஒன்றைக் கூட்டினால் பழைய எண்ணுக்கே திரும்பி வந்து உட்காரும். அப்புறம் எத்தனை கோடி ஒன்றுகளைக் கூட்டினாலும் அது அசையாது.

ஆனால் அதே ஒன்றுகளை ஒரே நீள அர்ரேயாக வைத்துக் கூட்டினால் விடை சரியாக வருகிறது. மீதிப் பாதி இங்கேதான் இருந்தது. 2014இல் வந்த 1.9 பதிப்பிலிருந்து நம்பை எண்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டுவதில்லை. பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போய், சிறு துண்டுகளைத் தனித்தனியே கூட்டி, கடைசியில் துண்டுகளைச் சேர்க்கிறது. அதனால் பிழை அவ்வளவாகப் பெருகுவதில்லை. ஆனால் நினைவகத்தில் எண்கள் அடுத்தடுத்து இருக்கும் திசையில் கூட்டும்போது மட்டும்தான் இந்த வழி. ஆக்ஸிஸ் 0 என்றால் வரி வரியாகப் படித்து, ஓடிக்கொண்டிருக்கும் மொத்தத்தோடு ஒவ்வொரு வரியையும் அப்படியே சேர்த்துவிடும். பழைய அடுக்குக் கூட்டல்தான் அது.

இதைச் சரிசெய்கிறேன் என்று இறங்கினேன். மூன்று வாரம். சி நிரலில் அந்த லூப்பைப் பிரித்து எழுதி, டெஸ்ட் எல்லாம் பச்சையாகிவிட்டது. பெஞ்ச்மார்க் ஓட்டினால் நெடுவரிசைவழியாக நடக்கிற இடமெல்லாம் மெதுவாகிறது. கேஷில் (பிராசஸரின் வேக நினைவகத்தில்) இருக்கும் வரியை முழுதாகப் பயன்படுத்தாமல் தாவித் தாவிப் படித்தால் வேறென்ன ஆகும்? ரிவ்யூ செய்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: தினமும் சின்ன அர்ரேக்களை ஆக்ஸிஸ் 0இல் கூட்டுகிறவர்கள் எல்லோரும் இந்த விலையைக் கொடுக்க வேண்டுமா? என்னிடம் பதில் இல்லை. புல் ரிக்வெஸ்ட்டை (என் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்ட கோரிக்கையை) நானே மூடினேன்.

அன்று இரவு அந்த இஷ்யூவுக்கு நிதானமாகப் பதில் எழுதினேன். கூட்டும்போது டிடைப் (எண் வகை) ஃப்ளோட்64 என்று கொடுங்கள், அர்ரேயை மாற்ற வேண்டாம், சேர்க்கிற இடம் மட்டும் அகலமாக இருந்தால் போதும் என்று. ஆவணத்தில் இதைப்பற்றி ஒரு குறிப்பு ஏற்கெனவே இருந்ததையும் காட்டினேன். மறுநாள் அவர் தன் டேட்டாவில் ஓட்டிப் பார்த்து நன்றி சொன்னார். மெர்ஜ் ஆகி நம்பைக்குள் சேர்ந்த பல வேலைகளைவிட அந்தப் பதில்தான் நான் நம்பைக்குச் செய்த உருப்படியான வேலை என்று இன்றும் நினைக்கிறேன்.

வைகைக்கரை:

என்னுடையது 2023. நான் முனைவர் பட்ட மாணவி. மரபணுத் தரவை வரிசைப்படுத்தும் ஒரு சின்ன லைப்ரரியைப் பார்த்துக்கொள்கிறேன், பயன்படுத்துவோர் அதிகம் போனால் இருநூறு பேர் இருப்பார்கள். ஒரு நாள் டெஸ்ட் ஒன்று சர்வரில் மட்டும் விழுந்தது. என் லேப்டாப்பில் பத்து முறை ஓட்டினாலும் பாஸ். அதே நிரல், அதே டேட்டா, அதே நம்பை 1.25.

இரண்டு நாள் தூங்கவில்லை. கடைசியில் இரண்டு பக்கத்து விடைகளையும் அச்சடித்து மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். வேறுபட்ட இடங்களில் எல்லாம் மதிப்பெண் சமமாக இருந்தது. சமமான இரண்டில் எது முன்னால் என்பதுதான் மாறியிருந்தது.

நான் பயன்படுத்தியது ஆர்க்சார்ட், மதிப்புப்படி அடுக்கினால் எது எத்தனையாவது இடத்தில் இருந்தது என்று தரும் ஃபங்ஷன். முறை எதுவும் சொல்லாமல் விட்டால் அது குவிக்சார்ட் முறையில் அடுக்கும். சமமானவற்றின் வரிசையைக் காப்பாற்றுவேன் என்று அது என்றைக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. 1.25இல் ஏவிஎக்ஸ்-512 (பல எண்களை ஒரே நேரத்தில் கையாளும் வசதி) உள்ள பிராசஸர்களுக்கு அதை வேறு முறையில் எழுதி, ஆறு மடங்கு வரை வேகமாக்கியிருந்தார்கள். சர்வரில் அந்த வசதி உண்டு, என் லேப்டாப்பில் இல்லை. பல வருஷமாகத் தற்செயலாக ஒரே மாதிரி வந்துகொண்டிருந்ததை நான் விதி என்று எடுத்துக்கொண்டிருந்தேன். சமமானவற்றின் வரிசையைக் காப்பாற்றச் சொல்லி, கைண்ட் என்ற இடத்தில் 'ஸ்டேபிள்' என்று ஒரு சொல் சேர்த்தேன், தீர்ந்தது.

அதற்கப்புறம் லைப்ரரி முழுக்கத் தேடினேன். அந்த ஒரு சொல் விட்டுப்போன இடம் இன்னும் ஏழு இருந்தது. அதில் ஒன்றின் விடையை என் கட்டுரையிலேயே போட்டிருந்தேன். உடனே கணக்கை மறுபடி ஓட்டினேன். முடிவு மாறவில்லை. ஆனால் ஓட்டி முடிக்கும்வரை அன்று சாப்பாடு இறங்கவில்லை.

நள்ளிரவு கமிட்:

நம்பை 2.0 பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன், சரி, நானே எழுதுகிறேன். 2006இல் வந்த 1.0க்குப் பிறகு முதல் பெரிய பதிப்பு 2024 ஜூனில்தான் வந்தது. பதினெட்டு வருஷம். நான் வேலை செய்யும் இடத்தில் கேமராப் படங்களை அலசும் நிரல் இருக்கிறது, அதை 2.0க்கு மாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதல் வாரம் வெறும் துடைப்பு வேலை. பெயர்கள் சில போய்விட்டன. பைதான் ப்ராம்ப்டில் தனி எண்ணைக் காட்டும்போது 3.0 என்று வராமல், அது என்ன வகை என்பதையும் சேர்த்துக் காட்டுகிறது. அதனால் ஆவணத்தில் உள்ள உதாரணங்களைச் சோதிக்கும் எங்கள் டாக்டெஸ்ட் வரிசையாக விழுந்தது. எரிச்சல்தான். பழைய நம்பைக்குக் கம்பைல் செய்த பாகங்கள் 2.0இல் ஓட மறுத்தன, 2.0ஐ வைத்துக் கம்பைல் செய்தால் பழையதிலும் ஓடுகிறது. இந்த ஏற்பாட்டைச் செய்து வைத்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

இரண்டாவது வாரம் ஒரு இடத்தில் ஓவர்ஃப்ளோ எரர். யுஇன்ட்8 (0 முதல் 255 வரை மட்டும் அடங்கும் வகை) படத்திலிருந்து 256ஐக் கழிக்கும் ஒரு வரி. முன்பு இது சத்தமே போடாமல் ஓடியது. "ஓடினது என்றால் சரியாகத்தானே இருந்திருக்கும்" என்று சக ஊழியர் சொன்னார். பழைய பதிப்பைத் திறந்து ஒரே ஒரு பிக்சல் உள்ள அர்ரேயைப் போட்டுப் பார்த்தோம். மதிப்பு 10. 10இலிருந்து 256 போனால் -246 வர வேண்டும். வந்தது 65290.

பழைய விதிப்படி நம்பை 256 என்ற எண்ணின் அளவைப் பார்த்து, அர்ரேயை யுஇன்ட்16 ஆக்கிவிடும். குறி இல்லாத வகை என்பதால் எதிர்மறை எண் சுற்றிக்கொண்டு மேலே போய் நிற்கும். புதிய விதியில் எண்ணின் மதிப்பைப் பார்த்து வகை மாறாது, யுஇன்ட்8இல் 256 அடங்காது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறது. எங்கள் நிரலில் அந்த வரி எழுதி நாலு வருஷம் ஆகியிருந்தது. படங்களில் விடை கோணலாக வருகிறது என்று வந்த புகார்களை எல்லாம் நாங்கள் லென்ஸ் மேல் போட்டு மூடியிருந்தோம். பழசையே வைத்துக்கொள்ளலாமே என்று நச்சரித்தவர்களில் நானும் ஒருவன். அந்த 65290ஐப் பார்த்த பிறகு வாயே திறக்கவில்லை.

ஈரோட்டுக்காரி:

மிதவைப்புள்ளி அண்ணா, கணக்கைவிட எழுத்தில் அடிபட்ட கதை என்னுடையது. மாவட்டவாரி மழைத் தரவு. மூன்று ஊர்ப் பெயரோடு அர்ரே தொடங்கினேன்: மதுரை, சேலம், ஈரோடு. அப்புறம் அந்த இடங்களில் மற்ற ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக மாற்றி எழுதினேன். அச்சிட்டால் சென்னை "சென்ன" என்று வருகிறது, கோயம்புத்தூர் "கோயம்", நாமக்கல் "நாமக்".

எழுத்துரு கோளாறு என்று ஒரு நாள் வீணாக்கினேன். விஷயம் இதுதான். நம்பையின் பழைய சரவகையில் (எழுத்துகளை வைக்கும் வகையில்) அகலம் முதலிலேயே நிலைத்துவிடும். ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று மதுரைக்கு யூனிகோடில் ஐந்து இடம். சேலத்துக்கும் ஐந்து, ஈரோட்டுக்கும் ஐந்து. ஆக அர்ரேயின் அகலம் ஐந்து. சென்னைக்கு ஆறு வேண்டும், கடைசி ஐகாரக் குறி வெளியே விழுந்துவிட்டது. எச்சரிக்கை ஒன்றுமில்லை. நாம் மூன்றெழுத்து என்று எண்ணுவதும் அது ஐந்து என்று எண்ணுவதும் வேறு என்று அன்றுதான் உறைத்தது.

2.0இல் வந்த ஸ்ட்ரிங்டிடைப் என்ற புதிய சரவகை இதற்கு நல்ல வழி. எழுத்துகளைச் சேமிக்கும் முறை யுடிஎஃப்-8, ஒவ்வொரு சொல்லும் தன் நீளத்தில் இருக்கும், வெட்டுப்படாது. இப்போது ஊர்ப்பெயர் எல்லாம் அதில்தான் வைத்திருக்கிறேன். மழை அளவுக்குப் பக்கத்தில் கோயம்புத்தூர் முழுதாக நின்றதைப் பார்த்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். தமிழ் சரங்களை வைத்து நாம் எல்லோரும் நிறைய சோதிக்க வேண்டும். நம் மொழியில் எங்கே உடைகிறது என்று நமக்குத்தான் கண்ணில் படும்.

முதலாண்டு:

அண்ணா, அக்கா, நான் கல்லூரியில் முதல் வருஷம். பங்களிப்பு இதுவரை ஒரே ஒரு டெஸ்ட். என் கணினியில் ஓடியது, 32 பிட் ஓட்டத்தில் விழுந்தது, ஏனென்றால் இன்டெக்ஸ் எப்போதும் 64 பிட் என்று எழுதிவிட்டேன். ரிவ்யூவில் திட்டுவார்கள் என்று இரண்டு நாள் பக்கத்தையே திறக்கவில்லை. திறந்தால், எந்த வரியை இன்ட்பி (கணினிக்கேற்ப அளவு மாறும் முழு எண் வகை) என்று மாற்ற வேண்டும் என்று பொறுமையாகக் குறித்து வைத்திருந்தார் ஒருவர். அடுத்து எதை எடுப்பது என்று தெரியவில்லை. சொல்லுவீர்களா?

மிதவைப்புள்ளி:

தம்பி, நிரல் எழுத இடம் தேடாதே. திறந்து கிடக்கும் இஷ்யூக்களில் யாரும் மறுபடி ஓட்டிப் பார்க்காததை எடு. நம்பை ஏதோ பெரிய கம்பெனி என்று பலர் நினைக்கிறார்கள். கருந்துளையின் முதல் படம் 2019இல் வந்ததே, அந்தக் கணக்கிலும் நம்பை இருந்தது. ஆனால் அதற்கென்று முதன்முதலில் பெரிய நிதி வந்தது 2017இல், மூர், ஸ்லோன் அறக்கட்டளைகள் மூலம் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு. அதுவரை பெரும்பாலும் தங்கள் ராத்திரியையும் ஞாயிற்றுக்கிழமையையும் கொடுத்தவர்கள்தான் தாங்கினார்கள். இப்போதும் எழுத ஆள் கிடைக்கிறார்கள், படித்துப் பார்க்கத்தான் ஆள் பத்தவில்லை.

பழைய இஷ்யூவில் கொடுத்திருக்கும் நாலு வரியை இன்றைய பதிப்பில் ஓட்டு. இன்னும் வருகிறதா, போய்விட்டதா, எந்தப் பதிப்பில் போனது என்று எழுது. உன் பைதான் பதிப்பு, நம்பையின் ஷோ கான்ஃபிக் கட்டளை உன் கணினியைப்பற்றிக் காட்டும் விவரம் இரண்டையும் கீழே ஒட்டு. வைகைக்கரை சொன்ன மாதிரி பிராசஸர் வித்தியாசத்தில் ஒளிந்திருக்கும் பக் அதை வைத்துத்தான் பிடிபடும்.

சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு நான் உட்காருவேன். ஆக்ஸிஸ் பற்றிய பழைய இஷ்யூ ஏழெட்டு சேர்த்து வைத்திருக்கிறேன். இரண்டை நீ எடுத்துக்கொள்.

ஈரோட்டுக்காரி:

நானும் வருகிறேன். சர இஷ்யூக்கள் என் பங்கு.

நள்ளிரவு கமிட்:

எட்டு மணிக்கு எனக்கு வேலை முடியாது, ஒன்பதரைக்குச் சேர்ந்துகொள்கிறேன். வகை மாற்றம் பற்றியது இருந்தால் எனக்கு விட்டுவையுங்கள்.