உவர்மலை வீடு விற்பனை: வீடியோவும் தனிப் பக்கமும் போட்டாயிற்று, உருப்படியான அழைப்பு இல்லை. எங்கே பிழை?

துறைமுகவீதி கேட்டது:

வணக்கம். திருகோணமலை உவர்மலையில் 12 பேர்ச் காணியோடு மூன்றறை வீடு ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. சொந்தக்காரர் கனடாவில், விற்றுக்கொடுக்கும் பொறுப்பு என்னிடம். அந்த ஒரு வீட்டுக்கென்றே புளொக்கரில் தனிப் பக்கம் திறந்து, போனில் எடுத்த 7 நிமிட வீடியோவை யூடியூப்பில் ஏற்றி அதில் இணைத்திருக்கிறேன். பேஸ்புக்கிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் லிங்க் போயிற்று. பார்க்கிறார்கள், ஆனால் வருகிற அழைப்பெல்லாம் விலையைக் கேட்டுவிட்டு வைக்கிற அழைப்புத்தான்.

கண்ணுக்குத் தெரியும் பிழைகள் இவை. யன்னல் முழுக்க வெள்ளையாக எரிகிறது, அறை இருட்டாகக் கிடக்கிறது. ஹோலில் லைட் போட்டு எடுத்த பகுதியில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. வட்ஸ்அப்பில் லிங்க் போட்டால் படம் வருவதில்லை, வெறும் எழுத்துத்தான். கூகுளில் தேடினால் பக்கமே இல்லை. யூடியூப் ஸ்டூடியோவில் பார்த்தால் 25 விநாடிக்குள் பெரும்பாலானோர் போய்விடுகிறார்கள். விலையைப் போடுவதா விடுவதா என்றும் சொல்லுங்கள். மேலிருந்து ஒரு டிரோன் காட்சி எடுத்தால் உதவுமா?

சாம்பல்தீவு_கமரா:

முதலில் பட்டை. அதற்காகப் பல்பை மாற்றத் தேவையில்லை, போனிலேயே தீர்க்கலாம். எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், மலிவான எல்ஈடி பல்புகள் விநாடிக்கு 100 தடவை மங்கித் தெளியும். போன் வழமையாக விநாடிக்கு 30 பிரேமில், 1/60 விநாடி அளவு ஷட்டரில் எடுக்கும். இரண்டும் ஒத்துவராததால் பட்டை ஓடுகிறது. ஐபோன் என்றால் செட்டிங்ஸில் கமரா, அதற்குள் ரெக்கோர்ட் வீடியோ, அதில் ‘ஷோ பால் போர்மட்ஸ்’ என்பதைப் போட்டுவிட்டு 25 பிரேமைத் தெரிவுசெய்யுங்கள். அன்ட்ரொயிட்டில் புரோ வீடியோ இருந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 இல் நிறுத்துங்கள். 1080 போதும். 4கே எடுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு இடம் பிடிக்கும், ஏற்றவும் நேரம் போகும், பார்ப்பவர் போனில் வித்தியாசம் தெரியாது.

யன்னல் எரிவது நேரத்தால் வருகிறது. காலை 9 மணிக்குப் பிறகு வெளி வெளிச்சம் உள் வெளிச்சத்தைவிடப் பல மடங்கு கூடிவிடும், எந்தப் போனாலும் இரண்டையும் ஒன்றாகப் பிடிக்க ஏலாது. சூரியன் எழும்பின முதல் ஒரு மணித்தியாலத்தையும், விழ முன்னர் உள்ள ஒரு மணித்தியாலத்தையும் பிடியுங்கள். அதிலும் கிழக்குப் பார்த்த அறைகளை மாலையில் எடுங்கள், மேற்குப் பார்த்த அறைகளைக் காலையில் எடுங்கள், அப்போது வெயில் நேரே உள்ளே விழாது. யன்னலுக்கு முதுகு காட்டி, அல்லது யன்னல் ஓரச் சுவரோடு ஒட்டி நின்று எடுக்கவேண்டும். எடுக்கத் தொடங்க முன்னர் வெளிச்சமும் நிழலும் கலந்த ஒரு சுவரில் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் போனைத் திருப்பத் திருப்ப அறை இருண்டு வெளிச்சமாகிக்கொண்டே இருக்கும். எச்டிஆர் வீடியோவை நிறுத்துங்கள். சில போன்களில் அது நிறம் வெளிறிப் போய்த் தெரியும்.

போனைச் சுவிட்ச் இருக்கிற உயரத்தில், நாலு நாலரை அடியில் பிடியுங்கள். கண் உயரத்தில் பிடித்தால் சீலிங்தான் கூடத் தெரியும். நடந்துகொண்டே எடுப்பதைக் குறையுங்கள். அறையின் மூலையில் நின்று, கால் வட்டம் திரும்ப 8 முதல் 10 விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். அகலமாகக் காட்டும் 0.5 லென்ஸை பாத்ரூமுக்கும் சின்னக் குசினிக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்குப் பத்து அறையை அதில் எடுத்தால் மண்டபம் மாதிரித் தெரியும், நேரில் வருகிறவருக்கு வாசலிலேயே மனம் விட்டுப் போகும்.

லென்ஸைத் துடையுங்கள், ஒவ்வொரு அறைக்கும் முன்னர். கடற்காற்றில் உப்புப் படிந்தால் யன்னலைச் சுற்றி மூட்டம் போல ஒரு வெள்ளை படரும். உங்கள் வீடியோவில் ‘எரிகிறது’ என்பதில் பாதி இதுவாகவும் இருக்கலாம். இப்போது கச்சான் காற்றுக் காலம் என்றால் வெளியில் குரலைப் பதிய வேண்டாம். காட்சியை எடுத்துவிட்டு, குரலை உடுப்பு அலுமாரி உள்ள அறையில் கதவைச் சாத்திப் பதிந்து பிறகு சேருங்கள்.

டிரோன் வேண்டாம். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் ஒருபுறம். திருமலையில் கடற்படைத் தளமும் சீனக்குடா விமானத் தளமும் பக்கத்திலேயே இருக்கின்றன. அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் டிரோனும் போகும், ஆளும் விசாரணைக்குப் போகவேண்டிவரும். உவர்மலை மேடான இடம், மொட்டை மாடியில் நின்று மெதுவாக ஒரு சுற்றுத் திரும்பினாலே சூழல் விளங்கிவிடும்.

நிலாவெளி_வலை:

இணையப் பக்கத்துப் பிழைகளை நான் சொல்கிறேன்.

வட்ஸ்அப்பில் படம் வராதது: புளொக்கர் பதிவில் இருக்கும் படத்தைத்தான் முன்னோட்டமாகக் கொடுக்கும். பதிவில் வீடியோ மட்டும் இருந்தால் கொடுக்கப் படம் இல்லாமல் போகலாம். வீட்டின் முகப்புப் படம் ஒன்றை 1200க்கு 630 அளவில், 300 கேபிக்குக் கீழே சுருக்கி, வீடியோவுக்கு மேலே முதல் படமாக வையுங்கள். ஏற்கெனவே பகிர்ந்த லிங்கை பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் பழையபடியே நினைவில் வைத்திருக்கும். பேஸ்புக்கின் ‘ஷேரிங் டிபக்கர்’ பக்கத்தில் லிங்கைக் கொடுத்து ‘ஸ்க்ரேப் அகெயின்’ அழுத்துங்கள். வட்ஸ்அப்புக்கு லிங்கின் கடைசியில் கேள்விக்குறி போட்டு வீ சமன் 2 என்று ஆங்கிலத்தில் சேர்த்து அனுப்பினால் புதிதாக எடுத்துக்கொள்ளும். போனிலிருந்து லிங்கைக் கொப்பி பண்ணும்போது கடைசியில் எம் சமன் 1 என்று ஒட்டிக்கொண்டு வரும், அதை வெட்டிவிட்டுப் பகிருங்கள்.

கூகுளில் இல்லாதது: புளொக்கர் செட்டிங்ஸில் தேடுபொறிகளுக்குத் தெரியும்படி விடும் தெரிவு ஓனில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கூகுளின் சேர்ச் கொன்சோலில் பக்கத்தைச் சேர்த்து, லிங்கைக் கொடுத்து ‘ரிக்வெஸ்ட் இன்டெக்ஸிங்’ போடுங்கள். சில நாட்களில் வரலாம், சில வாரமும் ஆகலாம். இன்னொன்று, தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் புளொக்கர் முகவரியை ‘புளொக் போஸ்ட்’ என்று வெறுமையாக வைத்துவிடும். வெளியிட முன்னரே பெர்மாலிங்கில் ‘கஸ்டம்’ தெரிவுசெய்து ஊர், பேர்ச், அறை எண்ணிக்கையை ஆங்கில எழுத்தில் கொடுக்கவேண்டும். தலைப்பிலும் தமிழும் ஆங்கிலமும் இரண்டும் இருக்கட்டும். வெளிநாட்டில் இருப்பவர்களில் பலர் ஆங்கில எழுத்திலேயே தேடுகிறார்கள். யூடியூப்பில் வீடியோவை ‘அன்லிஸ்டட்’ ஆக வைத்திருந்தால் தேடலில் வராது, ‘பப்ளிக்’ ஆக்குங்கள்.

தொடர்பு எண்ணை வெறுமனே எழுதாமல் வட்ஸ்அப் லிங்காகக் கொடுங்கள். அதில் முன்னால் உள்ள 0 வை எடுத்துவிட்டு 94 சேர்க்கவேண்டும். 0 இருந்தால் லிங்க் திறக்காது, பலருடைய விளம்பரத்தில் நான் காண்கிற பிழை இது. முன்கூட்டியே எழுதிய செய்தியையும் அதோடு இணைக்கலாம். பேஸ்புக்குக்கு ஒன்று, யூடியூப்புக்கு ஒன்று என்று வெவ்வேறு வரி வைத்தால் யார் எங்கிருந்து வந்தார் என்று கேளாமலே தெரியும்.

பாலையூற்று_காணிவிடயம்:

கமராவும் லிங்கும் சரியானாலும் அழைப்பு மாறாது தம்பி, உள்ளே இருக்கிற விஷயம் மாறவேண்டும். வீடு வாங்குகிற ஆள் நேரில் வந்தால் என்ன செய்வார்? ஹோலில் நின்று டைல்ஸ் பார்க்க மாட்டார். ஒழுங்கையைப் பார்ப்பார், கிணற்றை எட்டிப் பார்ப்பார், மதில் யாருடையது என்று கேட்பார், மேல்தட்டின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்ப்பார். கனடாவில் இருந்து பார்க்கிறவருக்கு அந்தக் கண் இல்லை. அந்தக் கண்ணை நீங்கள் கொடுத்தால்தான் விலை கேட்டவர் அடுத்த கேள்வி கேட்பார்.

வீடியோ இரண்டரை நிமிடத்துக்குள் முடியட்டும். இலச்சினை, பாட்டு, கோணேசர் கோயில் காட்சி ஒன்றும் முன்னுக்கு வேண்டாம். முதல் 5 விநாடியில் கேற் திறந்தபடி முகப்பு. அதற்கு மேல் எழுத்தில் இடம், பேர்ச், அறை, விலை. அடுத்தது வீதி: பிரதான வீதி முடக்கிலிருந்து கேற் வரை ஒரு வாகனம் வருகிற காட்சி, ஒழுங்கையின் குறுக்கே அளவு நாடாவைப் பிடித்து எத்தனை அடி என்று காட்டுங்கள். உவர்மலையில் ஏற்றம் இருக்கிற ஒழுங்கை என்றால் அதையும் மறைக்கவேண்டாம். பிறகு வளவின் நாலு மூலையும், எல்லைக் கல் தெரியும்படி. அதன் பிறகுதான் வீட்டுக்குள்.

கிணறு தனித் துண்டாக எடுங்கள். மோட்டரைப் போட்டு ஐந்து நிமிடம் ஓடவிட்டு, கண்ணாடிக் கிளாசில் பிடித்து, தண்ணியில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கிற, பேனா மாதிரி இருக்கிற டீடிஎஸ் மீற்றரை அதில் விட்டு எண் தெரியும்படி காட்டுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் லீற்றருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் குடிக்க நல்ல சுவை, 1000ஐத் தாண்டினால் சுவை கூடக் கூடக் கெட்டுக்கொண்டே போகும். அது சுவைக்கான எண் மட்டும், கிருமி உண்டா இல்லையா என்று சொல்லாது என்பதையும் எழுதிவிடுங்கள். உவர்த் தண்ணி என்றால் உவர் என்றே எழுதுங்கள். குழாய்த் தண்ணி இருந்தால் அதுவும் ஓடுகிற காட்சி. கடலுக்குக் கிட்ட உள்ள வீடுகளில் கொங்கிறீட்டுக்குள் கம்பி துருப்பிடித்துப் பூச்சு வெடித்துக் கொட்டும், ஆகவே சன்சேட்டின் அடிப்பக்கத்தையும் போட்டிக்கோத் தூணின் அடியையும் கிட்டக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வெடிப்பு இருந்தால் திருத்தச் செலவைக் கேட்டு எழுதுங்கள். மாரி மழையில் முற்றம் எடுத்த துண்டு ஒன்று இருந்தால் அதைப்போல நம்பிக்கை தருவது வேறில்லை.

பத்திரம்: சொந்த உறுதிக் காணியா, அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பேமிற் காணியா, அரச அளிப்பா என்பதை முதல் வரியில் எழுதுங்கள். பேமிற், அளிப்புக் காணிகளைப் பிரதேச செயலகத்தின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற ஏலாது, அதை மறைத்தால் எல்லாருடைய நேரமும் வீண். நில அளவைப் படம் எந்த வருடத்தது, சோலைவரி எதுவரை கட்டியது, கட்டட அனுமதி இருக்கிறதா, இவ்வளவும் எழுத்தில் போதும். உறுதியின் பக்கங்களைப் படம் பிடித்துப் போடவே வேண்டாம், அடையாள அட்டை இலக்கமும் கையொப்பமும் அதில் இருக்கும். கேட்கிறவருடைய சட்டத்தரணிக்கு நேரே அனுப்பலாம்.

டச்பே:

விலையைப் போட்டால் பேரம் பேச இடம் இல்லாமல் போகும் என்றுதான் பலரும் விடுகிறார்கள். போடாமல் விட்டால் அழைப்பாவது கூடும்.

பாலையூற்று_காணிவிடயம்:

அழைப்புக் கூடும், வாங்குகிற ஆள் கூடமாட்டார். இப்போது இவருக்கு நடப்பதே அதுதான். சொந்தக்காரர் ஒத்துக்கொண்ட தொகையை எழுதி, பக்கத்தில் ‘பேசலாம்’ என்று போடுங்கள். பேரம் அதிலிருந்து தொடங்கும். பேர்ச் விலை தனியாக, கட்டடம் தனியாகப் பிரித்துக் காட்டினால் இன்னும் நல்லது. 12 பேர்ச் என்பது 3,267 சதுர அடி. யாழ்ப்பாணத்துக்காரர் பரப்பில் கேட்பார்கள், அவர்களுக்கு 1.2 பரப்பு. மூன்றையும் எழுதுங்கள்.

வெளிநாட்டவர்களுக்கு ஒரு குறிப்பு கட்டாயம் வேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் இப்படியான காணியை வாங்க ஏலாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்குத் தடை இல்லை. இதைப் பக்கத்திலேயே எழுதிவிட்டால் வாங்க ஏலாதவர் ஆசைப்பட்டு அலைய மாட்டார். விருந்தினர் விடுதி கட்ட நினைக்கிறவர்கள் கரையோர வலயத்தைக் கேட்பார்கள். உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றருக்குள் கட்டட வேலைக்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். வீடு அதற்குள் விழுகிறதா என்று அளந்து எழுதுங்கள்.

துறைமுகவீதி:

அண்ணா, நன்றாக விளங்கியது. கிணறு, சன்சேட், வீதி எல்லாவற்றையும் தனித்தனித் துண்டாகப் போட்டால் பக்கம் பாரமாகாதா? வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு நேரலையில் காட்டுவதென்றால் எந்த நேரம்?

நிலாவெளி_வலை:

பாரமாகும், ஒவ்வொரு யூடியூப் பெட்டியும் தனித்தனியாக ஏறும். பிரதான வீடியோவை மட்டும் பெட்டியாக இணையுங்கள், மற்றவற்றுக்கு ஒரு படத்தை வைத்து அதற்கு லிங்க் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு மூன்று வரி எழுத்து இருக்கவேண்டும், கூகுள் முக்கியமாகப் பிடிப்பது எழுத்தைத்தான். பிரதான வீடியோவின் விவரணத்தில் 0:00 இலிருந்து தொடங்கி நேரக்குறிகளைப் போட்டால் யூடியூப் அதை அத்தியாயங்களாகப் பிரிக்கும். ஆகக் குறைந்தது மூன்று வேண்டும், ஒவ்வொன்றும் 10 விநாடிக்குக் குறையக்கூடாது. அழைப்பில் ஒருவர் கேட்ட கேள்வி பக்கத்தில் இல்லையென்றால் அன்றே பதிலோடு சேர்த்துவிடுங்கள். ஒரு வீட்டுக்கென்று தனிப் பக்கம் வைத்திருப்பதன் பிரயோசனமே இதுதான், பேஸ்புக் பதிவில் இப்படி வளர்க்க ஏலாது.

பேஸ்புக்குக்கு யூடியூப் லிங்கைப் போடாமல், அதே காட்சிகளில் ஒரு நிமிடத்தை நெடுக்காக வெட்டி நேரடியாக ஏற்றுங்கள். சத்தம் இல்லாமல் பார்ப்பவர்கள் அதிகம், எழுத்து ஓடவேண்டும். கீழ்ப்பகுதியில் பொத்தான்கள் மறைக்கும், எழுத்தைக் கொஞ்சம் மேலே வையுங்கள்.

சாம்பல்தீவு_கமரா:

நேரலைக்கு: இங்கே காலை 6.30 என்றால் டொராண்டோவில் கோடை காலத்தில் முதல் நாள் இரவு 9 மணி, குளிர்காலத்தில் 8. உங்களுக்கு நல்ல வெளிச்சம், அவர்கள் வேலை முடிந்து வீட்டில். லண்டன்காரருக்கு மாலை 5 மணியை ஒதுக்குங்கள், அங்கே மதியம் 12.30, குளிர்காலத்தில் 11.30. அழைப்புக்கு முதல் நாளே வளவின் பின்மூலையில் சிக்னல் எப்படி என்று பாருங்கள். சொந்தக்காரருக்கு முழு வீடியோவை அனுப்பும்போது வட்ஸ்அப்பில் ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பினால்தான் தரம் குறையாது.

பாலையூற்று_காணிவிடயம்:

வீட்டில் ஆள் இல்லையென்பதைப் பக்கத்திலோ வீடியோவிலோ சொல்லாதீர்கள். வரைபடத்தில் குறியைக் கேற்றில் வைக்காமல் கிட்ட உள்ள சந்தியில் வையுங்கள். சுவரில் தொங்குகிற குடும்பப் படங்களையும் பூட்டு வகையையும் காட்சியில் விடவேண்டாம். உறுதி முடிந்த அன்றே தலைப்பை ‘விற்பனையானது’ என்று மாற்றி, உள் அறை வீடியோவை ‘பிரைவேட்’ ஆக்கி, விலையையும் எடுத்துவிடுங்கள். அதன் பிறகு அது வாங்கினவருடைய வீடு.