புதுப்பிப்பு: ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட பள்ளிக் குழுப்படங்கள் பிரிந்து வந்துவிட்டன

எங்கள் உயர்நிலைப் பள்ளியின் பழைய குழுப்படங்கள் பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டதை எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பல் இடுக்கில் விடும் ஃப்ளாஸ் நூலைப் படத்துக்கு அடியில் நுழைத்து, அறுப்பதுபோல மெல்ல மெல்ல இழுக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. ஹேர் ட்ரையரால் பசையைச் சூடாக்கி இளக்கும் யோசனையை விட்டுவிட்டேன், சூட்டில் படம் சுருண்டுவிடுமோ என்று பயம். வராத இரண்டை மட்டும் ஆல்பத் தாளோடே ஸ்கேன் செய்தேன். எல்லாப் படங்களையும் ஸ்கேன் செய்தது 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), தரம் குறையாத டிஃப் (TIFF) படக் கோப்பாக.

எதிர்பாராதது ஒன்று: ஒரு படத்தின் பின்னால் வரிசைவாரியாகப் பெயர்கள், பென்சிலில், கொஞ்சமும் அழியாமல்! அப்புறம் மற்ற படங்களின் நகலில் ஒவ்வொரு முகத்துக்கும் எண் போட்டு முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தேன், வருடக்கணக்கில் வாய் திறக்காதவர்கள்கூட “7 நான்தான்” என்று வந்துவிட்டார்கள்.