டர்சோ கேப்ல ஓட்டை வேணாமாம்! கேட்டுக்கோங்க

பைப்காரன்:
மீன் தொட்டியில வழியுற தண்ணிய கீழ இருக்கிற சம்ப்புக்கு, அதாவது ஃபில்டர் தொட்டிக்கு, இறக்குற ஓவர்ஃப்ளோ பைப்ல ஒரு வகை டர்சோ, மேல கேப் (மூடி) போட்டு அதுல ஒரு காத்து ஓட்டை இருக்கும். நேத்து டிஸ்கஸ்பித்தன் சார் அத வெச்சிருக்கிற ஒரு புதுப் பையனுக்கு அருள்வாக்கு குடுத்திருக்காரு, "ஓவர்ஃப்ளோ சத்தம் போடுதா, கேப்ல இருக்கிற ஓட்டைய அடைச்சிரு, சத்தமே அதாலதான்"னு. பையன் அடைச்சிட்டான். ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு வாய்ஸ் நோட் வருது, பின்னாடி கேக்குற சத்தத்தை நான் பாத்ரூம் ஃப்ளஷ்னே நினைச்சேன். சர்ர்ர்னு ஒரு இழுப்பு, களக் களக், அமைதி, மறுபடி சர்ர்ர். காத்து போக வழியில்லன்னா பைப் முழுக்க தண்ணி நெறஞ்சு சைஃபன் பிடிச்சுக்கும், சம்ப்ல இருந்து பம்ப் ஏத்துறத விட வேகமா இழுக்கும், பைப் நிக்கிற பாக்ஸ்ல தண்ணி மட்டம் பைப் வாய் வரைக்கும் இறங்கி காத்தை உறிஞ்சி அறுந்துடும், மறுபடி மட்டம் ஏறும், மறுபடி இழுக்கும், விடிய விடிய இதே கூத்து. அதுக்குத்தான் சார் அந்த ஓட்டை.

டிஸ்கஸ்பித்தன்:
என் வீட்ல 3 வருஷமா ஓட்டை இல்லாத பைப்தான். பொட்டு சத்தம் கிடையாது, ஃபேனை நிறுத்தினா பல்லி கத்துறது கேக்கும். ஓட்டை வேணாம்னா வேணாம்.

பைப்காரன்:
உங்க பைப்ல வால்வு இருக்கா?

டிஸ்கஸ்பித்தன்:
இருக்கு. அதுக்கும் ஓட்டைக்கும் என்ன சம்பந்தம்? பேச்ச மாத்தாதீங்க.

கப்பி77:
ரெண்டு பேரும் வேற வேற டிசைன பேசுறீங்க போல. பித்தன் சாரோடது ஹெர்பி, ஒரு பைப் முழு சைஃபன், வால்வு வெச்சு அடக்குறது, பக்கத்துல காலியா ஒரு எமர்ஜென்சி பைப். பையனோடது ஒத்தை பைப் டர்சோ. டர்சோவுல ஓட்டை வேணும், ஹெர்பியில வேணாம். அதுவும் போக 1 இஞ்ச் பைப்ல மணிக்கு 3000 லிட்டர் ஏத்துற பம்ப் போட்டா ஓட்டை இருந்தாலும் இல்லன்னாலும் கத்தத்தான் செய்யும்.

பைப்காரன்:
தம்பி பேரு என்னவா வேணா இருந்துட்டு போகட்டும், நான் கேக்குறது ஓட்டை. ஏர் டியூப் சைஸுக்கு ட்ரில் பிட்டுல ஒண்ணு போடு, டியூப்ப சொருகு, முனையில சின்ன கன்ட்ரோல் வால்வு மாட்டி கொஞ்சம் கொஞ்சமா திருகு, களக் சத்தம் தன்னால அடங்கும். இத எத்தனை தொட்டியில செஞ்சு பாத்துட்டேன். சார் மாதிரி மொத்தமா அடைச்சிட்டு வால்வ நம்பி ஓட்டினா, ஒரே ஒரு நத்தை வால்வுல போய் உக்காந்தா போதும், சம்ப்ல இருக்கிற தண்ணியெல்லாம் ஹால்ல நிக்கும். அவர் பாக்ஸ்ல எமர்ஜென்சி பைப்பே கிடையாது, போட்டோ போட்டப்ப நான் பாத்தேன்.

டிஸ்கஸ்பித்தன்:
இருக்கு. பேக்கிரவுண்டுக்குப் பின்னாடி. கண்ணாடிய தொடைச்சிட்டு பாருங்க.

இறால்குட்டி:
சார் அந்த வால்வு பித்தளையா? தங்க கலர்ல மின்னுச்சே. செம்பு தண்ணியில கலந்தா இறால் தாங்காது.

டிஸ்கஸ்பித்தன்:
நான் இறால் வளக்கல. வளக்கிறவங்க குழம்பு வெச்சு சாப்பிடுங்க.

இறால்குட்டி:
இப்படித்தான் பேசுவீங்கன்னு தெரியும். போன தடவ பிஎச் பத்திக் கேட்டப்பவும் இதே நக்கல்தான்.

புதுத்தொட்டி:
அண்ணே அந்தப் பையன் நான்தான். அம்மா தூங்க முடியலன்னு பம்ப்பையே நிறுத்தச் சொல்றாங்க. இப்ப அடைச்சத பிரிக்கவா வேணாமா?

பைப்காரன்:
பம்ப் நிறுத்துறதா, நல்லா கேட்ட. கரண்ட் கட் ஆனா என்ன ஆகும்னு சாரைக் கேளு. 4 அடிக்கு ஒன்றரை அடி தொட்டியில 1 இஞ்ச் மட்டம் இறங்கினாலே 14 லிட்டர் கீழ வரும். பம்ப் தண்ணி தொட்டிக்குள்ள விழுற ரிட்டர்ன் நாசில் 3 இஞ்ச் முங்கி இருந்தா, அது பின்னாடி இழுத்து 42 லிட்டர், சம்ப்ல அவ்ளோ இடம் விட்டு வெச்சிருக்காரா? நாசில்ல தண்ணி மட்டத்துக்கு ஒட்டி ஒரு ஓட்டை போட்டா காத்து புகுந்து நின்னுடும். ஆக அங்கயும் ஓட்டைதான்! ஓட்டைன்னா ஏன் சார் உங்களுக்கு இவ்ளோ ஆகாது?

டிஸ்கஸ்பித்தன்:
தண்ணி பின்னாடி திரும்பாம தடுக்கிற செக் வால்வு போட்டிருக்கேன்.

பைப்காரன்:
ஹாஹா. அதுல பாசி பிடிச்சு மூடாம நின்ன அன்னிக்கு சொல்லுங்க, மாப்பு எடுத்துட்டு வரேன்.

அரோவானாமாமா:
நடுவுல வரேன், மன்னிக்கணும். பைப்காரன் தம்பி, கொளத்தூர்ல வெச்சு எங்கிட்ட சம்ப் வாங்கினீங்களே, 400 ரூபா பாக்கி இன்னும் வரல.

பைப்காரன்:
அந்த சம்ப் மூலையில ஒழுகுச்சு மாமா, சிலிக்கான் நானே போட்டேன், அதுக்கு யார் தருவா? போன்ல பேசலாம், இங்க வேணாம்.

டிஸ்கஸ்பித்தன்:
ஓ, சாரோட சம்ப்லயும் ஓட்டையா.

பைப்காரன்:
அது ஒழுகல், ஓட்டை இல்ல. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்தான் ஊருக்கு புத்தி சொல்றாரு. நைட்டு என் தொட்டிய வீடியோ எடுத்துப் போடுறேன், கேப்ல ஓட்டையோட, சத்தத்தோட, ஹெட்போன் மாட்டிக் கேளுங்க.

அரோவானாமாமா:
போன எடுத்தா பேசலாம் தம்பி. மூணு தடவ அடிச்சாச்சு.