போர்ட்டல் வெயின் ஏன் கல்லீரலுக்கு உள்ள போகுது? வெயின்னா வெளியதானே வரணும்?

நீலப்பேனா:
எல்லாருக்கும் வணக்கம். நர்சிங் முதல் வருஷம் படிக்கிறேன், அனாட்டமியில கல்லீரல் ஆரம்பிச்சதுல இருந்து ஒரே இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறேன். கிட்னி, மண்ணீரல் எல்லாத்துலயும் ஆர்ட்டரி (தமனி) உள்ள போகும், வெயின் (சிரை) வெளிய வரும், அவ்வளவுதான். கல்லீரல்ல மட்டும் ஹெப்பாடிக் ஆர்ட்டரி உள்ள போகுது, போர்ட்டல் வெயினும் உள்ள போகுது, அப்புறம் ஹெப்பாடிக் வெயின்னு வேற ஒண்ணு வெளிய வருது. வெயின்னு பேர் வச்சுட்டு எப்படிங்க உள்ள போகும்? ரெண்டாவது சந்தேகம், பித்தநீரும் அதே செல்லுலதான் சுரக்குதுன்னா அது ரத்தத்தோட ஏன் கலக்கல? கல்லீரல் செல் அடுக்கைக் காட்டுற அந்த அறுகோணப் படத்தை நாலு தடவை வரைஞ்சுட்டேன், ஒவ்வொரு தடவையும் அம்புக்குறி மாறிப் போகுது. மனப்பாடம் பண்ணி எழுத மனசு வரல, புரிஞ்சு படிக்கணும்.

நைட் ட்யூட்டி:
உங்க ரூல் தப்பில்லமா, பார்க்குற இடம்தான் மாறணும். போர்ட்டல் வெயின் கல்லீரலோட வெயின் இல்ல, அது குடலோட வெயின். குடல், இரைப்பை, கணையம், மண்ணீரல் இதுல இருந்தெல்லாம் வெளிய வர்ற ரத்தம் கணையத்துக்குப் பின்னாடி ஒண்ணு சேர்ந்து போர்ட்டல் வெயின் ஆகுது. மத்த உறுப்பு ரத்தமா இருந்தா நேரா இதயத்துக்குப் போயிரும், இது மட்டும் வழியில கல்லீரலுக்குள்ள நுழைஞ்சு மறுபடி நுண்குழாயா பிரியுது. ரெண்டு முனையிலயும் நுண்குழாய் இருந்தா அதுக்குப் பேர்தான் போர்ட்டல், இதைப் புடிச்சுக்கிட்டீங்கன்னா மீதி எல்லாம் தன்னால வரும்.

ஏன் இப்படி ஒரு சுத்து வழின்னா, நாம சாப்பிடுறது செரிச்சு ரத்தத்துல ஏறினதும் உடம்பு முழுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு இடத்துல பார்த்து அனுப்பணும். சர்க்கரை அதிகமா வந்தா கிளைக்கோஜனா எடுத்து வச்சுக்கும், ராத்திரி நாம பட்டினியா தூங்குறப்ப கொஞ்சம் கொஞ்சமா திருப்பி விடும். குடல்ல பாக்டீரியா உண்டாக்குற அம்மோனியா இதே வழியில வரும், அதை யூரியாவா மாத்தி கிட்னிக்கு அனுப்பிரும். தப்பிச்சு வர்ற கிருமியை, கல்லீரல்ல காவல் நிக்கிற குப்ஃபர் செல் அங்கயே விழுங்கிரும். மாத்திரைக்கும் இதே கதிதான், நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் மாத்திரையை முழுங்காம நாக்குக்கு அடியில வைக்கச் சொல்றது ஏன்னு யோசிச்சுப் பாருங்க, முழுங்கினா கல்லீரல் முதல் சுத்துலயே அதுல பெரும்பகுதியை உடைச்சுரும், வாய்ல இருக்குற வெயின் போர்ட்டல்ல சேராது, அதனால மருந்து கல்லீரல்ல மாட்டாம நேரா இதயத்துக்குப் போகுது. வார்டுக்கு வந்த முதல் மாசத்துல ஒரு சீனியர் இதைச் சொன்னாங்க, புக்ல பத்து தடவை படிச்சும் ஏறாத போர்ட்டல் வெயின் அன்னைக்குத்தான் மண்டையில ஏறுச்சு.

ஒரு நிமிஷத்துக்குச் சுமார் ஒண்ணரை லிட்டர் ரத்தம் கல்லீரலுக்கு வருது, அதுல முக்கால் பங்கு போர்ட்டல் வழியா, கால் பங்கு ஆர்ட்டரி வழியா. ஆனா ஆக்சிஜன்னு பார்த்தா ரெண்டும் ஏறக்குறைய பாதிப் பாதி, ஏன்னா போர்ட்டல் ரத்தம் குடல்ல ஏற்கனவே கொஞ்சம் செலவாகி வருது.

ஸ்லைடு பெட்டி:
நான் ஹிஸ்டாலஜி (திசுவை மைக்ரோஸ்கோப்ல பார்க்குற) லேப்ல இருக்கேன், அம்புக்குறி விஷயம் மட்டும் சொல்றேன். முதல்ல ஒண்ணு, புக்ல இருக்குற அந்த அழகான அறுகோணத்தை மனுஷக் கல்லீரல் ஸ்லைடுல தேடாதீங்க, கிடைக்காது. பன்றிக் கல்லீரல்ல ஒவ்வொரு லோப்யூலை (அந்த அறுகோணக் கட்டத்துக்குப் பேர்தான் லோப்யூல்) சுத்தி வரப்பு கட்டின மாதிரி திசு இருக்கும், அறுகோணம் கண்ணுல அடிக்கும், மனுஷங்களுக்கு அந்த வரப்பு இல்ல, செல் வரிசை ஒண்ணோட ஒண்ணு கலந்து ஓடும். வருஷா வருஷம் புதுசா வர்ற பசங்க லென்ஸை மாத்தி மாத்தி வச்சு கோட்டைத் தேடிட்டு தன் மேலதான் தப்புன்னு வாடிப்போறதைப் பார்க்குறேன், அது உங்க தப்பு இல்ல.

தேட வேண்டியது ரெண்டு அடையாளம். மூணு ஓட்டை சேர்ந்து இருக்குற இடம் ஒண்ணு, பெருசா மெல்லிசா இருக்குறது போர்ட்டல் வெயின் கிளை, சின்னதா சுவர் தடிச்சது ஆர்ட்டரி, கட்டம் கட்டமா செல் அடுக்கி வட்டமா இருக்குறது பித்தக்குழாய். இன்னொண்ணு, துணை இல்லாம தனியா ஒரு ஓட்டை, அது சென்ட்ரல் வெயின். மூணு ஓட்டை இருக்குறது லோப்யூலோட மூலை, தனி ஓட்டை நடு. ரத்தம் மூலையில இருந்து நடுவுக்கு, பித்தம் நடுப்பக்கத்துல இருந்து மூலைக்கு. ரெண்டும் எதிரெதிர். இனிமே அம்புக்குறி மாறாது.

கலக்காதது எப்படின்னா, ஒவ்வொரு கல்லீரல் செல்லுக்கும் ரெண்டு விதமான முகம். ஒரு முகம் சைனுசாய்டைப் பார்த்து இருக்கு, அந்த ரத்தக்குழாய் சுவர் முழுக்கப் பொத்தல், அடியில தாங்குற படலமும் இல்ல, அதனால ரத்தத்தோட நீர்ப்பகுதி நேரா வந்து செல்லை நனைக்கும், சிவப்பணு மட்டும் அந்தப் பொத்தல்ல நுழைய முடியாது. இன்னொரு முகம் பக்கத்து செல்லைப் பார்த்து இருக்கு, ரெண்டு செல்லும் ஆளுக்குப் பாதி குழிஞ்சு நடுவுல ஒரு மைக்ரான் சொச்சம் அகலத்துல ஒரு வாய்க்கால், அதுக்குத் தனியா சுவரே கிடையாது, ரெண்டு கரையிலயும் செல்லோட ஓரம் இறுக்கமா ஒட்டி சீல் ஆகியிருக்கு. பித்தம் அதுலதான் ஓடுது. சிவப்பணுவே ஏழு மைக்ரான், அப்ப அந்த வாய்க்கால் எவ்வளவு சன்னம்னு பாருங்க, அப்படி இருந்தும் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல பித்தம் இறங்குது. குழாயில கல்லு அடைச்சா இந்தப் பித்தம் திரும்பி ரத்தத்துக்குள்ள கசியும், அப்பத்தான் கண்ணு மஞ்சளாகி, சிறுநீர் கருத்து, மலம் வெளுத்துப் போறது.

மூத்தமகள்:
படிக்கிற பிள்ளை இல்ல நான், ஆனா இந்தப் போர்ட்டல் வெயினால எங்க வீட்டுல நாலு வருஷம் தூக்கம் போச்சு, அதனால எழுதுறேன். அப்பாவுக்கு சிரோசிஸ். ஒருநாள் ராத்திரி ரத்தமா வாந்தி எடுத்தாங்க, கல்லீரல்ல நோவுன்னா ரத்த வாந்தி எதுக்குன்னு எங்களுக்குப் புரியவே இல்ல. டாக்டர் பொறுமையா சொன்னாங்க, போர்ட்டல் வெயின்ல பிரஷர் சாதாரணமா 5ல இருந்து 10 எம்எம்தான், கல்லீரல் தழும்பாகி இறுகிட்டா ரத்தம் உள்ள போக முடியாம தேங்கி பிரஷர் ஏறும், அப்ப அது வேற வழி தேடும், உணவுக்குழாயோட அடியில இருக்குற சின்ன வெயின் எல்லாம் வீங்கி வெடிக்கும்னு. மண்ணீரல் பெருத்ததுக்கும் அதே காரணம்தான். அப்பாவுக்கு நடுவுல நாள் கிழமை தெரியாம, என்னையே யாருன்னு கேட்டாங்க, அது அம்மோனியா கல்லீரலைச் சுத்திக்கிட்டு மூளைக்குப் போனதாலயாம். இத்தனைக்கும் அந்த வாரம் எஸ்ஜிபிடிங்கிற ரத்த டெஸ்ட் நார்மலுக்குப் பக்கத்துல இருந்துச்சு, நாங்க சந்தோஷப்பட்டோம். அந்த எண் செல் சேதமாகி ஒழுகுறதைத்தான் காட்டும், கல்லீரல் வேலை செய்யுதான்னு அல்புமினும் பிலிருபினும் ரத்தம் உறையுற நேரமும்தான் சொல்லும்னு ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுது.

கடைசியில என் கல்லீரல்ல வலது பக்கம், கிட்டத்தட்ட 60 சதவீதம், அப்பாவுக்குக் குடுத்தேன். ஆபரேஷனுக்கு முன்னாடி சர்ஜன் ஒரு பேப்பர்ல வரைஞ்சு காட்டினாங்க, வெளியில பார்த்தா தெரியுற பிரிவு நிஜப் பிரிவு இல்ல, பித்தப்பையில இருந்து பின்னாடி பெரிய வெயின் வரைக்கும் ஒரு கோடு இழுத்து, இதுதான் வலது இடது, உள்ள மொத்தம் எட்டுத் துண்டு, ஒவ்வொண்ணுக்கும் தனியா ரத்தம் வருது, தனியா பித்தம் போகுது, அதனாலதான் வெட்டிக் குடுக்க முடியுதுன்னாங்க. அந்தப் பேப்பரை இன்னும் பத்திரமா வச்சிருக்கேன். வெட்டின பக்கம் திரும்ப முளைக்கலங்க, மிச்சம் இருந்த இடது பக்கம்தான் பெருத்து மொத்த வேலையையும் எடுத்துக்கிச்சு, மூணு மாசத்துல ஸ்கேன்ல பழைய அளவுக்குக் கிட்ட வந்துருச்சு. அப்பா இப்ப என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க.

நீலப்பேனா:
அக்கா, படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணுமே ஓடல. ரொம்ப நன்றி, எல்லாருக்கும். படம் வரைஞ்சுட்டேன், அம்புக்குறி சரியா வந்துருச்சு. ஒரே ஒரு கேள்வி, போர்ட்டல் ரத்தமே பாதி ஆக்சிஜன் குடுத்துருதுன்னா, கால் பங்கு கொண்டு வர்ற ஆர்ட்டரி அடைச்சா கல்லீரல் சமாளிச்சுருமா?

நைட் ட்யூட்டி:
நல்ல கேள்வி. கல்லீரல் செல் பல நேரம் சமாளிச்சுரும், பித்தக்குழாய் சமாளிக்காது. அந்தக் குழாய்களுக்கு ரத்தம் ஆர்ட்டரியில இருந்து மட்டும்தான். அதனாலதான் மாற்று ஆபரேஷன் முடிஞ்ச நோயாளிக்கு ஆர்ட்டரியில ரத்தம் ஓடுதான்னு டாப்ளர் ஸ்கேன் வச்சு திரும்பத் திரும்பப் பார்ப்போம், அது அடைச்சா முதல்ல கெடுறது பித்தக்குழாய்தான். படத்துல மூலையில மூணு ஓட்டையும் ஒட்டி ஒட்டி வரைஞ்சீங்கல்ல, ஆர்ட்டரியில இருந்து பித்தக்குழாய்க்கு ஒரு சின்னக் கோடு போட்டுக்கோங்க.