நெல் வேர் மண்ணும் விடை தெரியாத கேள்வியும்: செய்முறை வகுப்பில் ஆய்வு

செய்முறை வகுப்பில் பிள்ளைகளை உண்மையான ஆய்வில் எப்படி ஈடுபடுத்துவது என்ற கேள்விக்கு உறுப்பினர்கள் தந்த பதில்கள்.

மட்டக்களப்பு வந்தாறுமூலையிலிருந்து ஓர் உறுப்பினர்:

செய்முறைக் கையேட்டில் விடை இருக்கும்வரை பிள்ளைகள் விடையைத்தான் தேடுவார்கள். அதனால் கேள்வியை மாற்றுங்கள். செங்கலடிப் பக்கத்து வயலில் நெல் வேரோடு ஒட்டிய பற்றீரியாக்களில் எது கரையாத பொசுபேற்றைக் கரைக்கும்? இது விரிவுரையாளருக்கும் தெரியாது. பற்றீரியாவைப் பிரித்தெடுக்கும் முதற் கட்டத்துக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பிழைத்தால் திரும்பச் செய்ய இரண்டு கிழமையை மட்டும் அட்டவணையில் ஒதுக்கிவிடுங்கள்.

வேரை உதறியும் விழாத மண் 10 கிராம், 0.85% உப்புக் கரைசல் 90 மி.லீ. இருபது நிமிடம் குலுக்கிப் பத்து மடங்கு ஐதாக்கல். ஆயிரத்தில் ஒன்று முதல் இலட்சத்தில் ஒன்று வரை, ஒவ்வொன்றிலும் 0.1 மி.லீ. எடுத்து, கரையாத பொசுபேற்று கலந்த பிக்கோவ்ஸ்கயா ஏகார் ஊடகத்தில் பரப்பி, 30 பாகை செல்சியசில் 5 முதல் 7 நாள். எண்ண ஏற்றது 30 முதல் 300 பற்றீரியாக் கூட்டங்கள் உள்ள தட்டு.

பிழைக்கும் இடம் ஊடகம்தான். லீற்றருக்கு 5 கிராம் முக்கல்சியம் பொசுபேற்று கரையாது, குடுவையின் அடியில் படியும். முதல் தட்டுகள் தெளிவாகவும் கடைசித் தட்டுகள் பாலாகவும் வந்தால் பொசுபேற்றைக் கரைக்கும் கூட்டத்தைச் சுற்றித் தோன்றும் தெளிந்த வளையங்களை ஒப்பிடவே முடியாது. 50 பாகைக்கு ஆறவிட்டு, இரண்டு தட்டு ஊற்றியதும் ஒருமுறை குடுவையைச் சுழற்றுங்கள். மாரி காலத்தில் தட்டின் மேல் நீர்ப்படலம் நின்று கூட்டங்கள் ஒன்றோடொன்று வழிந்து கலந்துவிடும். ஊற்றிய தட்டுகளை ஓர் இரவு கவிழ்த்து வைத்தபின் பாவியுங்கள்.

அதே துறையில் செய்முறை நடத்தும் இன்னொருவர்:

சேர் சொன்ன வளையத்தை அப்படியே முடிவாக எடுக்க வேண்டாம். குளுக்கோசிலிருந்து வரும் அமிலம்தான் பெரும்பாலும் அந்த வெண்மையைக் கரைக்கிறது. அதோடு சில கூட்டங்கள் இரண்டு மூன்று தரம் புதிய தட்டில் கீறி வளர்த்ததும் அந்த ஆற்றலை இழந்துவிடும். மூன்று முறை கீறித் தூய்மையாக்கி, ஒவ்வொன்றுக்கும் மூன்று தட்டு வைத்து, வளையத்தோடு சேர்ந்த விட்டத்தைக் கூட்டத்தின் விட்டத்தால் வகுத்துக் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு அதே ஊடகத்தை ஏகார் இல்லாமல் எடுத்து, குலுக்கியில் வளர்த்து, கரைந்த பொசுபேற்றை நீல நிறமாக்கிக் காட்டும் மொலிப்டினம் நீல முறையில் 880 நா.மீ. அலைநீளத்தில் அளவிடலாம். பற்றீரியா போடாத குடுவை ஒன்று கட்டாயம். கிருமி நீக்கும் வெப்பத்திலேயே கொஞ்சம் பொசுபேற்று கரைந்திருக்கலாம்.

அமில மண்ணில் பொசுபேற்று இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்திருக்கும். எனவே கல்சியத் தட்டில் வென்றது வயலிலும் வெல்லும் என்று எழுதும் பிள்ளையிடம் ஏன் என்று கேளுங்கள். நல்ல விவாதம் அங்கிருந்துதான் வரும்.

சம்மாந்துறையிலிருந்து ஓர் உறுப்பினர்:

இனங்காண, டி.என்.ஏ.யைப் பெருக்கும் பி.சி.ஆர். முறையில் பற்றீரியாவின் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணுவைப் பெருக்கலாம். அதற்கு 27எஃப், 1492ஆர் பிரைமர்கள் (பெருக்கலைத் தொடக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) போதும், ஜெல்லில் பட்டை ஏறத்தாழ 1,500 காரச் சோடி நீளத்தில் வரும். 25 மைக்ரோலீற்றர் கலவை, 94 பாகையில் 5 நிமிடம், பிறகு 30 சுற்று: 94இல் 30 விநாடி, 55இல் 30 விநாடி, 72இல் 90 விநாடி. கூட்டத்தை நேரே போடுவதாயின் ஊசிமுனையளவு எடுத்து 50 மைக்ரோலீற்றர் நீரில் 10 நிமிடம் கொதிக்கவையுங்கள். கூடப் போட்டால்தான் பட்டை வராமல் போகும், பிள்ளைகள் எப்போதும் கூடப் போடுவார்கள். பசிலசு என்ற பற்றீரியாவின் வித்திகள் கொதித்தும் உடையாது, இளம் வளர்ப்பை எடுங்கள்.

நீர் மட்டும் போட்ட குழாயிலும் மெல்லிய பட்டை வந்தால் மாணவரைக் குற்றம் சொல்லாதீர்கள். பெருக்கும் நொதியமே பற்றீரியாவில் தயாராவதால் அதன் டி.என்.ஏ. மிச்சம் இருக்கலாம். சுற்றை 35க்கு மேல் கூட்டும்போது இது தெரியும். டி.என்.ஏ. எழுத்து வரிசை வந்ததும் தொடக்கத்து 30, 40 எழுத்தையும் இறுதியில் மங்கும் பகுதியையும் வெட்டச் சொல்லுங்கள். பசிலசில் நெருங்கிய இனங்களை இந்த மரபணு பிரிக்காது. “பசிலசு சாதி” என்று நிறுத்தினால் அதுவே சரியான விடை.

முதல் உறுப்பினர், மீண்டும்:

புள்ளி பற்றியும் ஒன்று. பட்டை வராவிட்டாலும் கட்டுப்பாட்டுக் குழாய்கள் சரியாக வேலை செய்து, காரணமும் எழுதியிருந்தால் முழுப் புள்ளி கொடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து மேசையின் எண்கள் குறிப்பேட்டில் ஏறிவிடும். தூய வளர்ப்புகளை 20% கிளிசரோலில் இரண்டு பிரதியாக உறைவித்து, திகதி, வயலின் பெயர், ஆழம் எழுதி வையுங்கள். அடுத்த தொகுதி மாணவர் அதே வளர்ப்பில் மீளச் செய்துபார்க்கட்டும். இனம் தெரியாத எதையும் 37 பாகையில் வளர்க்க வேண்டாம், வயலுக்குத் திருப்பி ஊற்றவும் வேண்டாம். தட்டுகளைத் திறக்காமலே 121 பாகையில் 30 நிமிடம் ஓட்டோகிளேவில் வைத்துவிட்டே வீசுங்கள்.